பூட்டிய பின்கதவு

முதுமையும் நோயும் யாரை விட்டன? வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்குக் காப்பகமே வீடு. அந்த வீடு பத்திரமானதா என்று பார்ப்பது யார் பொறுப்பு?

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பியோட முடியவில்லை. 28 உயிர்கள் பலியாயின. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்தது.

ஆரணியில் எங்கள் வீட்டுத் தறிக்குத் தார் சுற்றியே காலம் கழித்தவர் என் பெரிய அத்தை. கை நடுங்கத் தொடங்கியதும் அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப் பேச்சு எழுந்தது. "நம்ம வீட்ல நீதாம்பா படிச்ச புள்ள, போய்ப் பாத்துட்டு வா" என்றார் அப்பா. போனேன். பதிவுச் சான்றைக் கேட்டேன். பிறகு காட்டுவதாகச் சொன்னார்கள். பின்கதவு பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்றதற்கு மூவர் மூன்று விடை சொன்னார்கள். அத்தை இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். வேறு இல்லம் தேடுகிறோம்.

பட்டுச் சேலையில் ஓர் இழை அறுந்திருந்தாலும் விரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் ஊர் எங்கள் ஊர். மனிதர் வாழும் இடத்தைப் பார்க்க அந்தக் கண் வேண்டாமா? அதிகாரிகள் என்றோ ஒருநாள் வருவார்கள். மற்ற நாட்களில் பார்க்க வேண்டியவர்கள் நாமே. நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்டத்தில் இத்தகைய இல்லங்களுக்குச் செல்லும்போது பழமும் ரொட்டியும் கொடுப்பதோடு நில்லாமல், பின்கதவையும் தள்ளிப் பார்ப்போம்!