பெயர் போடாத கட்டம்

ஆரணியில் என் அண்ணன் வீட்டுக்குப் போனால் பகலில் தூங்க முடியாது. எதிர் வீட்டிலும் தறி, பக்கத்து வீட்டிலும் தறி. சென்ற முறை போயிருந்தபோது தறிச் சத்தத்தோடு அண்ணன் மகனின் வழக்கு ஒன்றும் சேர்ந்துகொண்டது.

பையன் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவன். "சித்தப்பா, பின் தெருப் பெரியவரைப் பற்றி ஒரு கட்டுரை போட வேண்டும். அதற்கு அவர் தகுதியானவர்தானா? நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றான்.

பெரியவரை எனக்குத் தெரியும். பட்டுச் சேலைக் கரைக்கு டிசைன் போட்டவர். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்புவார். பாவும் ஊடையும் சந்திக்கும் இடம் ஒரு கட்டம். அதன்படி அட்டையில் துளை குத்தி ஜக்கார்டில் மாட்டினால் தறியில் அன்னம் நீந்தும். இராத்திரியில் அதே தாளில் குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பார். முப்பது வருஷம் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். பெரும்பாலும் பெயரில்லாமலே அச்சாயின.

தமிழில் இது லேசான வேலை அல்ல. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு 247. குறுக்கே வரும் சொல்லில் 'கா' இருந்தால் கீழே இறங்கும் சொல்லிலும் 'கா'தான் வேண்டும், 'க' உதவாது. அதனால்தான் நம் பத்திரிகைகளில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றெல்லாம் சொற்கள் குட்டிக்கரணம் போடுகின்றன. பெரியவர் அதைக் கூடியவரை தவிர்த்துவிடுவார். ஊடை பின்னால் ஓடுமா என்பார்.

இருந்தும், விக்கிப்பீடியாவின் விதி கண்டிப்பானது. ஒருவர் எழுதியது எவ்வளவு என்பது அங்கே கணக்கில்லை. அவரோடு சம்பந்தமில்லாத பிறர், நம்பத்தகுந்த இடத்தில், அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அச்சுப் புத்தகமென்றால் இடமில்லை என்று சொல்லித் தப்பலாம். இணையத்தில் அந்தச் சாக்கு இல்லை. 'ஆதாரம் போதாது' என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

லண்டன் பத்திரிகைக்குப் புதிர் அமைத்த லெனார்டு டா என்ற தலைமையாசிரியரைப் பாருங்கள். 1944ல் நார்மண்டிப் படையெடுப்புக்குச் சற்று முன், அதன் ரகசியச் சொற்கள் சில அவருடைய புதிர்களில் விடைகளாக வந்துவிட்டன. உளவுத் துறையார் வந்து விசாரித்தார்கள். மனிதர் சரித்திரத்தில் ஏறினார், புதிரின் நயத்துக்காக அல்ல. ஜான் கிரஹாம் கதை வேறு. 'அரௌகாரியா' என்ற புனைபெயரில் கார்டியன் பத்திரிகையில் அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதிய பாதிரியார் அவர். தமக்குப் புற்றுநோய் என்பதை 2013 ஜனவரியில் ஒரு புதிர் மூலமாகவே வாசகர்களுக்குச் சொன்னார். அந்த நவம்பரில் 92 வயதில் காலமானார். பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. ஆதாரத்துக்குக் குறைவில்லை.

நம் பக்கத்தில்? 1930களில் ஆனந்த விகடனின் குறுக்கெழுத்துப் போட்டிக்கு வீட்டுக்கு வீடு பென்சிலோடு உட்கார்ந்தார்கள். பரிசுப் பணத்துக்கு வரம்பு கட்ட 1955ல் சட்டமே வந்தது. பரிசு வாங்கியவரின் பெயரை வாசகர் தேடினார். கட்டம் போட்டவரை யார் தேடினார்கள்?

"கட்டுரை நிற்காதடா" என்றேன். எனக்கே கூச்சமாக இருந்தது. என்னைப் பற்றி அங்கே ஒரு கட்டுரை இருக்கிறது. அதில் பட்டியலிட்டிருக்கும் நாவல்களில் இரண்டை என்னாலேயே மறுபடி படிக்க முடியாது.

சாயங்காலம் பெரியவரிடம் போய்ச் சொன்னோம். கண் மங்கிவிட்டது; டிசைனையெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் போடுகிறது. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என்னைப் பற்றி யார் எழுதினார்கள், ஐயா? விடை தப்பென்று சண்டைக்கு வந்து எழுதினவர்கள்தான்!"

பையன் விடவில்லை. "அப்படியானால் சித்தப்பா எழுதட்டும். அது ஓர் ஆதாரம் ஆகுமே!"

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எழுதுங்கள். பேர் மட்டும் வேண்டாம். சேலையிலே என் பேரா இருக்கு?"

பஸ் ஏறுகிற வரையில் பையன் என்னோடு பேசவில்லை.