துருத்தி

கொருக்குப்பேட்டைக்காரர்களுக்குக் குழாய்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எண்ணெய்க் கிடங்கு, டேங்கர் வேகன்கள் நிற்கும் ரயில்வே யார்டு, வடக்கே மணலி, எண்ணூர் ஆலைகள் என்று குழாய்களின் நடுவேதான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் குழாய்க்கும் குழாய்க்கும் இடையே மடிப்பு மடிப்பாக அமர்ந்திருக்கும் ஒரு சிறு உறுப்பைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் பெல்லோஸ். சங்கப் பாடல்களில் கொல்லன் உலையில் மூச்சுவிடும் அதே துருத்திதான். தோலுக்குப் பதில் மெல்லிய எவர்சில்வர் தகடு.

இரும்பு சூட்டில் நீளும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். எவ்வளவு நீளும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 30 டிகிரியில் பொருத்தப்பட்ட 100 மீட்டர் நீராவிக் குழாய் 180 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் 18 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண், நீள்கிறது. இரு முனைகளையும் இறுக்கிக் கட்டினால் குழாய் நெளியும், இல்லையேல் தாங்கியைப் பிடுங்கும். இடம் இருந்தால் குழாயையே ‘ப’ வடிவில் வளைத்து அந்த நீட்சியை விழுங்க வைக்கலாம். இடம் இல்லாதபோது துருத்தி வேண்டும்.

துருத்தி வளைந்து கொடுக்கும். ஆனால் எதையும் தாங்காது. உள்ளே அழுத்தம் ஏறினால் அதுவே நீண்டுகொள்ளப் பார்க்கும். அந்த உந்தலைப் பிடித்து நிறுத்துவது இருபுறமும் உள்ள நங்கூரத் தாங்கிகளோ, குறுக்கே பூட்டிய கம்பிகளோதான்.

இருபதுகளின் தொடக்கத்தில் நான்கு ஆண்டுகள் அப்படியொரு சிறு பட்டறையில் வேலை பார்த்தேன். வண்டியில் குலுங்காமல் இருக்கத் துருத்தியின் மேல் மஞ்சள் வண்ணம் பூசிய கம்பிகளைப் பூட்டி அனுப்புவோம். பொருத்தியபின் அவற்றைக் கழற்ற வேண்டும். உந்தலைத் தாங்கும் மற்றக் கம்பிகளைத் தொடவே கூடாது. “மஞ்சள அவுரு, மத்ததுல கைய வெக்காதே” என்பார் எங்கள் மேஸ்திரி. ஒருமுறை மணலிப் பக்கம் ஓர் ஆலைக்குப் போனபோது, மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த நீராவிக் குழாயில் மஞ்சள் கம்பிகள் அப்படியே இருந்தன. துருத்தி அசையவே இல்லை. அதன் வேலையைச் சற்றுத் தள்ளியிருந்த தாங்கி செய்துகொண்டிருந்தது. அதன் வெல்டிங்கில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். பொருத்தியவர்கள் ஒப்பந்தக் கூலிகள். கையேடு அலுவலக அலமாரியில், ஆங்கிலத்தில் இருந்தது.

ஆங்கிலம் தெரிந்தால் மட்டும் போதுமா என்பது வேறு விஷயம். இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்ற ஊரில், நைலானுக்கான மூலப்பொருள் செய்யும் ஆலையில், 1974 மார்ச்சில் வரிசையாக நின்ற ஆறு கலன்களில் ஐந்தாவதில் விரிசல் கண்டது. அதை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குலக் குழாயால் இணைத்தார்கள். கலன்கள் படிபோல் ஒன்றைவிட ஒன்று தாழ்ந்திருந்ததால் குழாயில் இரண்டு முடக்குகள். இரு முனைகளிலும் 28 அங்குலத் துருத்திகள். ஒவ்வொன்றும் 30 டன்னுக்கு மேல் தள்ளியது; இரு உந்தல்களும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் குழாய் முறுக்கப்பட்டது. அதைத் தாங்கியது வெறும் சாரம். துருத்தி செய்தவர்களின் கையேட்டை யாரும் புரட்டவில்லை. குழாய்க்கு வரைபடம் என்று இருந்தது பட்டறைத் தரையில் சாக்கட்டியால் போட்ட கோடுகள் மட்டும். ஜூன் 1ஆம் தேதி அது பிய்ந்தது. வெளியேறிய ஆவி தீப்பற்றி வெடித்ததில் 28 பேர் இறந்தார்கள். சனிக்கிழமை என்பதால் ஆள் குறைவு.

நம் பக்கத்தில் 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மிக்ஜாம் புயலில் இடம்பெயர்ந்த பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது ஆய்வுக் குழு. இது துருத்தியின் குற்றம் அன்று. ஆனால் அப்போது குழாயைக் குளிர்விக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது என்று படித்ததும் என் கை தானாகக் கணக்குப் போட்டது. திரவ அம்மோனியாவின் குளிர் மைனஸ் 33 டிகிரி. தடையின்றி விட்டால் அந்தக் குளிரில் ஒவ்வொரு கிலோமீட்டர் இரும்புக் குழாயும் முக்கால் மீட்டர் சுருங்கும். குழாயோரம் குடியிருப்பவர்களில் எத்தனை பேருக்கு அது அசையும் பொருள் என்று சொல்லப்பட்டிருக்கிறது?

இப்போது வடசென்னை ஆலைகளில் பிட்டர் வேலைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். மேஸ்திரியின் அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழிலும் இந்தியிலும் தகட்டில் பொறித்துத் துருத்தியோடு கட்டி அனுப்ப எவ்வளவு செலவாகும்? நான் இருந்தவரை எங்கள் பட்டறையிலிருந்து போன எதிலும் அப்படியொரு தகடு இருந்ததில்லை.