ஆய்வகத்திலிருந்து புறப்பட்டவர்கள்

எங்கள் பள்ளியின் முன்கூடத்தில் மரப்பலகை ஒன்று மாட்டப்பட்டுள்ளது. பள்ளியில் பயின்று உயர்நிலை எய்தியோரின் பெயர், பயின்ற ஆண்டு, பணி ஆகிய மூன்றும் அதில் மஞ்சள் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் சூன் மாதத்தில் வில்லியனூரிலிருந்து ஓவியர் ஒருவர் வந்து புதிய பெயர்களைச் சேர்ப்பார். எழுத்துப்பிழை நேராமல் பார்த்துக்கொள்வது தமிழாசிரியனாகிய என் பொறுப்பு. மருத்துவர், பொறியாளர், வங்கி அலுவலர், காவல்துறை ஆய்வாளர் எனப் பலகை நிறைந்துகொண்டே வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்பலகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அருகில் சென்றதும் கேட்டாள்: "ஐயா, வேதியியல் ஆராய்ச்சிக்குப் போனவர் ஒருவர் பெயர்கூட இதில் இல்லையே? ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் பிறகு என்னதான் ஆகிறார்கள்?"

எனக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாததைவிட வேறொன்று என்னை உறுத்தியது. ஆராய்ச்சிக்குப் போன ஒருத்தியை நான் அறிவேன். பாகூர் ஏரிப் பாசனத்தில் குத்தகை நிலம் உழுத ஒருவரின் மகள். எங்கள் பள்ளி மாணவி. முதுகலைப் பட்டம் பெற்று, தொலைவில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வுக்குழுவில் சேர்ந்தாள். அச்செய்தி வந்த ஆண்டில், பலகையில் அவளுக்கென ஒரு வரியை விட்டுவைக்குமாறு ஓவியரிடம் சொன்னவனும் நானே. நான்காம் ஆண்டில் அவள் ஆய்வை விட்டுவிட்டுத் திரும்பினாள். சான்றிதழின் படி ஒன்றைப் பெறப் பள்ளிக்கு வந்தபோது, அலுவலக அறையில் பலர் முன்னிலையில், "கரை சேருமுன்பே படகைவிட்டு இறங்கிவிட்டாயே, அம்மா!" என்றேன். அவள் சிரித்தாள்; மறுமொழி கூறவில்லை. அடுத்த சூன் மாதத்தில் அவளுக்காக விட்டிருந்த வரியில் வேறொருவர் பெயர் எழுதப்பட்டது. எழுத்துப்பிழை உள்ளதா என்று அதனையும் நானே சரிபார்த்தேன்.

மாணவியின் வினாவுக்கு விடை தேடி அக்கோடை விடுமுறை முழுவதும் படித்தேன். இலக்கியம் பயின்ற எனக்கு வேதியியல் வாய்பாடுகள் விளங்கவில்லை. மனிதர்களின் வாழ்க்கை விளங்கியது.

நான் முதலில் கண்டவர் குளித்தலையில் 1900-ஆம் ஆண்டு பிறந்த டி. ஆர். சேஷாத்திரி. ஆசிரியர் ஒருவரின் மகன். திருவரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பள்ளிக்கல்வி. சென்னை மாநிலக் கல்லூரியில் பயில இராமகிருஷ்ண இயக்கத்தினர் துணைநின்றனர். அங்கே பிமன் பிகாரி தே என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சியின் முதற்பாடத்தைக் கற்றார். பின்னர் அரசு உதவித்தொகை பெற்று மான்செஸ்டர் சென்று, இராபர்ட் இராபின்சனின் ஆய்வகத்தில் 1929-இல் முனைவர் பட்டம் பெற்றார். இத்துணைப் பயிற்சியுடன் தாயகம் திரும்பியவருக்கு உடனே பேராசிரியர் நாற்காலி காத்திருக்கவில்லை. கோயம்புத்தூர் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராயும் பணியில் சிறிதுகாலம் இருந்தார். 1930-களின் நடுவில்தான் வால்டேரில் இருந்த ஆந்திரப் பல்கலைக்கழகம் அவருக்கு ஓர் ஆய்வகத்தை உருவாக்கும் வாய்ப்பை அளித்தது.

அங்கே அவரும் மாணவர்களும் ஆராய்ந்த பொருள் எதுவென்று அறிந்தபோது வியந்தேன். பருத்திப்பூ, புளிச்சைப்பூ, பூவரசம்பூ ஆகியவையே அப்பொருள்கள். காலையில் மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது செந்நிறம் கொள்ளும் பூவரசம்பூவை நம் ஊர்களில் காணாதவர் உண்டோ? வரப்போரத்தில் நிற்கும் அம்மரத்தின் இலையைச் சுருட்டி ஊதல் செய்து ஊதியிருக்கிறோம். அதன் பூவுக்கு மஞ்சள் நிறம் எதனால் வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அக்கேள்வியைக் கேட்டோர் கூடை கூடையாகப் பூக்களைத் திரட்டி, உலர்த்தி, கரைப்பானில் ஊறவைத்து வடித்து, இறுதியில் ஒரு சிமிழின் அடியில் தங்கும் சிறிதளவு நிறமியைப் பெற்றனர். பூவரசின் அறிவியற்பெயரை ஒட்டி அதன் நிறமிக்குப் பாபுல்னின் என்று பெயரிட்டனர். இரண்டாம் உலகப் போரின்போது பல்கலைக்கழக வளாகத்தைப் படையினர் எடுத்துக்கொள்ள, ஆய்வகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. பணி நிற்கவில்லை. 1949-இல் சேஷாத்திரி தில்லிப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். இரு இடங்களிலுமாக அவரிடம் முனைவர் பட்டம் பெற்றோர் 100-க்கும் மேற்பட்டோர்.

அவர்கள் எங்கே சென்றனர்? எல். ராமச்சந்திர ராவ் வால்டேரிலேயே தங்கி அடுத்த தலைமுறையை உருவாக்கினார். எஸ். ரங்கசாமி மருந்து வேதியியலுக்குச் சென்று, பின்னர் தில்லியில் பேராசிரியரானார். என். ஆர். கிருஷ்ணசாமி பெங்களூருப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, இயற்கைப் பொருள்களின் வேதியியலை மாணவர்க்கு ஏற்ற நூலாக எழுதினார். இவ்வாறு பட்டியலிட்டுக்கொண்டே போகலாம். ஆனால் ஒரு பெயரில் வந்து என் விரல் நின்றுவிட்டது.

தர்ஷன் ரங்கநாதன், 1941 சூன் 4 அன்று தில்லியில் பிறந்தவர். சேஷாத்திரியிடம் ஆய்வு செய்து 1967-இல் முனைவர் பட்டம் பெற்றார். மிராண்டா கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். உயரிய ஆய்வு உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டி. எச். ஆர். பார்ட்டனிடம் பணியாற்றினார். 1970-இல் சுப்பிரமணிய ரங்கநாதன் என்னும் வேதியியலாளரை மணந்து கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்குச் சென்றார். கணவர் அங்கே ஆசிரியர். கணவர் ஆசிரியராக உள்ள நிறுவனத்தில் மனைவிக்கு ஆசிரியப் பணி கிடையாது என்பது அக்காலத்தில் எழுதப்படாத விதி. எந்த ஏட்டிலும் எழுதப்படாத அவ்விதி, ஏட்டில் எழுதிய சட்டத்தைவிட உறுதியாக நின்றது. ஆசிரியர் பதவி இல்லாமல், ஆய்வு உதவித்தொகைகளைக் கொண்டே ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ஆராய்ச்சி செய்தார்.

அந்த நிலையில் அவர் செய்தது என்ன? நம் உடலில் உருவாகும் நச்சுத்தன்மையுள்ள அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி வெளியேற்றுகிறது என்று நீங்கள் உயிரியலில் படித்திருப்பீர்கள். உடலுக்குள் நிகழும் அச்சுழற்சியின் வினைகளை ஆய்வகக் கலனில் நிகழ்த்திக் காட்ட முனைந்து வெற்றி கண்டார். புரதத்தின் சிறு துண்டுகள் தாமாகவே ஒன்றுசேர்ந்து குழல்களாகவும் வளையங்களாகவும் அமையும் விந்தையை ஆராய்ந்தார். 1993-இல் திருவனந்தபுரத்திலும், 1998-இல் ஐதராபாத் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்திலும் அவருக்கு முறையான இடம் கிடைத்தது. ஆய்வு பெருகிய வேளையில் புற்றுநோய் அவரைத் தாக்கியது. 2001 சூன் 4 அன்று, தம் அறுபதாம் பிறந்தநாளில் அவர் மறைந்தார்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கான்பூரில் அவர் இருந்த காலத்தில், அவர் பயின்ற பள்ளியில் என்னைப்போன்ற ஓர் ஆசிரியர் இருந்து, 'பணி' என்னும் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லையே என்று அவர் பெயரை விட்டிருப்பாரோ என்று எண்ணினேன். விட்டிருப்பார், நான் விட்டேனே!

பிற ஆய்வுக்குழுக்களையும் சிறிது பார்த்தேன். சேஷாத்திரியைப் போலவே சென்னையிலிருந்து இராபின்சனிடம் சென்று பயின்றவர் கே. வெங்கட்ராமன், செயற்கைச் சாயங்களின் வேதியியலில் உலகப் புகழ் பெற்றவர், புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவரான நித்தியானந்த் இலக்னோவில் மருந்தாய்வு நிறுவனத்தை நடத்தினார். குண்டூரில் பிறந்த ஏ. வி. ராமாராவ், வெங்கட்ராமனுடன் அரக்குப் பூச்சியின் நிறமிகளை ஆராய்ந்தவர். பின்னாளில் அவர் இயக்கிய ஐதராபாத் ஆய்வகம், எயிட்சு நோய்க்கான சிடோவுடின் மருந்தை உள்நாட்டிலேயே செய்யும் வழியைக் கண்டது. அரக்கில் தொடங்கியவர் அங்கே போய்ச் சேருவார் என்று யார் கணித்திருக்க முடியும்?

சென்னை மாநிலக் கல்லூரியின் டி. ஆர். கோவிந்தாச்சாரி குழுவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. நஞ்சறுப்பான் கொடியில் உள்ள ஆல்கலாய்டின் அமைப்பை ஆராய்ந்தவர் அவர். 1963-இல் அரசுக் கல்லூரியை விட்டு மும்பை கோரேகாவில் சீபா மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையத்திற்கு இயக்குநராகச் சென்றார். மாணவர்களுள் பி. ஆர். பாய் சென்னையிலேயே இருந்து பணியைத் தொடர்ந்தார். கே. நாகராசன் கோரேகாவில் மனச்சோர்வுக்கான மருந்தையும் அமீபா நோய்க்கான மருந்தையும் உருவாக்கிய குழுக்களுக்குத் தலைமை ஏற்றார். எஸ். இராசப்பா பின்னர் புணே ஆய்வகத்திற்குச் சென்றார். என். விசுவநாதனும் கோவிந்தாச்சாரியும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறுமரத்தில் கேம்ப்டோதெசின் என்னும் பொருள் இருப்பதை 1972-இல் வெளியிட்டனர். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, அமெரிக்கர்கள் சீன மரம் ஒன்றில் முதன்முதலாகக் கண்டறிந்த பொருள் அது. இன்று புற்றுநோய்க்கு அளிக்கப்படும் இரண்டு மருந்துகளுக்கு அதுவே மூலம். அம்மருந்துக்காகவே அம்மரத்தைக் கணக்கின்றி வெட்டி, காட்டில் அது அருகிப்போகும்படி செய்துவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். கோவிந்தாச்சாரியோ ஓய்வுக்குப் பின் சென்னை திரும்பி, எண்பது வயதைக் கடந்தும் வேப்பங்கொட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இங்கே எங்கள் ஊர்ச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் இவ்வூரிலிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது. கொடுத்தவன் பெயர் உண்டு. கொடுத்த நிலத்தின் விவரம் உண்டு. அங்கே பயின்றவர் யார், பயின்றபின் எங்கே சென்றனர் என்பது இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் எங்கள் பலகை அச்செப்பேட்டைவிடப் பெரிதாக முன்னேறிவிடவில்லை.

பள்ளி திறந்ததும், பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டு அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணைப் பெற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வில்லியனூர்த் தொடர்வண்டி நிலையத்தில் சந்தித்தோம். மருந்து உற்பத்திச் சாலை ஒன்றின் பகுப்பாய்வுப் பிரிவில் பணியாற்றுவதாகக் கூறினாள். என்ன வேலை என்றேன். "மாத்திரைகளை நீரில் கரைத்துப் பார்க்கும் வேலை, ஐயா" என்று சிரித்தாள். வயிற்றின் சூட்டில், அதாவது 37 பாகை வெப்பத்தில் வைத்த நீர்மத்தில் மாத்திரையை இட்டுச் சுழற்றி, குறித்த நேரத்தில் எவ்வளவு மருந்து வெளிவருகிறது என்று அளக்க வேண்டும். கரையாத மாத்திரை உடலில் சேராது. நோயாளி மருந்து உண்டும் உண்ணாதவராவார். ஒருமுறை ஒரு தொகுதி மாத்திரை முழுவதும் அளவுக்குக் குறைவாகக் கரைந்தது. கையொப்பமிடுமாறு மேலிருந்தோர் வற்புறுத்தினர். அவள் மறுத்து, மூன்று இரவுகள் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து குறிப்பேட்டை நீட்டினாள். தொகுதி நிறுத்தப்பட்டது. "ஒரே அளவை ஏழு முறை எடுக்கும் பழக்கம் ஆய்வுக்குழுவில் வந்தது, ஐயா. அங்கே அதற்காக எத்தனை நாள் திட்டு வாங்கியிருக்கிறேன் தெரியுமா?"

ஆய்வை ஏன் விட்டாள் என்று அப்போதுதான் கேட்டேன். பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தந்தைக்குச் சிறுநீரகம் பழுதுற்றிருந்தது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நின்றிருந்தது. தம்பி பத்தாம் வகுப்பில் இருந்தான். "அன்று அலுவலகத்தில் நீங்கள் கேட்டது வலிக்கவில்லையா என்கிறீர்களா? வலித்தது, ஐயா" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். விழுப்புரம் செல்லும் வண்டி வந்துவிட்டதால் இருவரும் அதைப்பற்றி மேலும் பேசவில்லை.

அந்த ஆண்டு ஓவியர் வந்தபோது அவள் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். இடம் இல்லை, பலகையின் அடியில் சட்டத்தை ஒட்டி ஒரு விரற்கடை மட்டுமே இருந்தது. பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டு, "பணி என்னங்க ஐயா?" என்று தூரிகையுடன் காத்திருந்தார். நான் அவளைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். சிறிது நேரம் யோசித்து, "வேதியியலாளர் என்று எழுதச் சொல்லுங்கள்" என்றாள். இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்துகளை ஓவியர் நெருக்கி எழுதினார். அந்தப் பதினொன்றாம் வகுப்பு மாணவி அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.