கேள்விக்குறி

தேர்தல் என்றதும் மேடையும் மாலையும் ஒலிபெருக்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், தேர்தல் வியூகத்தின் பெரும்பகுதி ஒரு கிளைச் செயலாளரின் கையிலுள்ள வாக்காளர் பட்டியலில்தான் உருவாகிறது. இதை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை; நம் வீட்டுத் திண்ணையில் கண்டறிந்தோம்.

அது 1977ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தல். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தோடு இருந்தது. தனி மாவட்டமானது 1997இல்தான். அஸர் தொழுதுவிட்டு அத்தா திண்ணையில் அமர்ந்திருந்தார். ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் பட்டியலோடு வந்தார். எந்த வீட்டில் திருமணம், எவர் மகன் லாரியில் வடநாடு போயிருக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உறுதியான வாக்குக்கு வட்டம், எதிரணி வாக்குக்குப் பெருக்கல் குறி, ஐயமான வாக்குக்குக் கேள்விக்குறி. இதுவே அவர் கணக்கு. "பாய் வீட்டு ஓட்டு எங்கே போய்விடும்?" என்று சொல்லியவாறே, நம் வீட்டு நால்வர் பெயருக்கும் ஒரே மூச்சில் வட்டமிட்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அண்ணே, அவர்களுக்கு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கேள்விக்குறி போடுங்கள். நம் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் எப்போது வரும் என்று சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம்."

அத்தா திகைத்துப் போனார். செயலாளரோ சிரிக்கவில்லை, வட்டத்தை அழித்துக் கேள்விக்குறி இட்டார். மறுநாள் அக்கட்சியின் மகளிர் சிலர் வந்து, வீடுதோறும் பெண்களிடம் தனியே பேசினர். கேள்விக்குறிகள் பெருகின. மூன்றாம் நாள் தெருமுனைக் கூட்டத்தில், டெல்லி அரசியலைப் பேச வந்த பேச்சாளரின் கையில் ஒரு துண்டுச் சீட்டு வைக்கப்பட்டது. அவர் அன்றிரவு குழாயைப் பற்றியே பேசினார். தாம் யாருக்கு வாக்களித்தார் என்பதை அம்மா இறுதிவரை அத்தாவிடம்கூடச் சொல்லவில்லை.

மேல்மட்டத்தில் தலைவர்கள் கூட்டணி அமைக்கிறார்கள். 1967இல் அறிஞர் அண்ணா, ஒரு காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராயிருந்த இராஜாஜியின் சுதந்திராக் கட்சியையும், காயிதே மில்லத் அவர்களின் முஸ்லிம் லீகையும் ஓரணியில் சேர்த்தார். தி.மு.க. 137 இடங்களை வென்றது. ஆயினும் அன்று மேடைதோறும் ஒலித்த பேச்சு, ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதன்றோ? அடுப்படியின் துயரம்தான் அங்கே முழக்கமாயிற்று.

இன்று ஆலோசனை நிறுவனங்கள் வந்துவிட்டன. 2021 தேர்தலில் தி.மு.க. ஐ-பேக் நிறுவனத்தின் துணையை நாடியது, ஆட்சியையும் பிடித்தது. ஆனால் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் சேலம் மாவட்டத்தில், 11 தொகுதிகளில் 10 அ.தி.மு.க. அணிக்கே சென்றன. அடுத்துள்ள நாமக்கல் மாவட்டத்திலோ 6இல் 4 தி.மு.க. அணிக்குக் கிடைத்தன. மாநிலம் முழுமைக்கும் தீட்டப்படும் திட்டம் ஊருக்கு ஊர் வேறு விளைவைத் தருகிறது. அந்த வேறுபாட்டை முன்கூட்டி அறியக்கூடியவர், தெருவை அறிந்த அந்தச் செயலாளரே.

அவர் கையிலுள்ள பட்டியல் இருமுனைக் கத்தி என்பதையும் மறக்கலாகாது. குறை கேட்கவும் அது உதவும். தலைக்கு இவ்வளவு என்று பணம் பங்கிடவும் உதவும். கைப்பற்றப்பட்ட பணத்தின் காரணமாக 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலே இரத்துச் செய்யப்பட்டதை நாம் அறிவோம்.

ஒரு வீட்டுக்கு, ஒரு தெருவுக்கு, ஒரு சமுதாயத்துக்கு மொத்தமாக ஒரே வட்டம் போட்டுவிட்டால், அப்புறம் அங்கே யாரும் எதையும் கேட்க வருவதில்லை. ஆகவே அடுத்த முறை பட்டியலோடு ஒருவர் நம் வாசலில் நின்றால், வீட்டுத் தலைவர் மட்டும் பதில் சொல்லி அனுப்பிவிட வேண்டாம். உள்ளே இருப்பவர்களையும் அழைப்போம். அவர்களிடமும் கேட்கச் சொல்வோம்.