“எக்ஸெல்ல இறக்கிக் கொடுங்க சார்”

மாதம் பிறந்தால் எனக்கு வருகிற போன்களில் பாதிக்கு ஒரே வாசகம்தான். மேலே தலைப்பில் இருப்பது.

திருப்பாதிரிப்புலியூரில் (நாங்கள் சொல்வது திருப்பாப்புலியூர், முழுப்பெயர் ஸ்டேஷன் பலகைக்கு) ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, நகைக்கடன் நிறுவனம் ஒன்றுக்கு, கணக்குகளைத் திரையில் படமாகக் காட்டும் பவர் பிஐ ரிப்போர்ட் செய்து கொடுக்கிறேன். கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் என்று அவர்களுக்குக் கிளைகள். நிறம் பார்த்து, எழுத்தின் அளவு பார்த்து நான் செய்த பக்கத்தை இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். பிறகு மூலையில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி எக்ஸெல்லுக்கு இறக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வைத்த சாம்பாரைத் தள்ளிவிட்டு வெந்த பருப்பு மட்டும் போதும் என்று கேட்பது போல இருக்கும் எனக்கு. கொஞ்ச காலம் கோபம்கூட வந்தது.

அந்த மூன்று புள்ளிக்கு நான் பயப்படத் தொடங்கியது என் தவற்றால்தான். ஒருநாள் சிதம்பரத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது சிதம்பரம் கிளை மேலாளர் கூப்பிட்டார். பக்கம் திறக்கவில்லை, மதியம் மீட்டிங், ஏதாவது செய்யுங்கள் என்றார். மடியில் லேப்டாப். என்ன கோளாறு என்று தேடாமல், ‘வியூவர்’ ஆக இருந்தவரை ‘கான்ட்ரிபியூட்டர்’ ஆக்கிவிட்டேன். பரங்கிப்பேட்டை வருவதற்குள் மறுபடி போன்.

“தம்பி, பண்ருட்டி ஆளுங்க பேரு, போன் நம்பரெல்லாம் என் ஃபைல்ல வருதே. வரலாமா?”

வரக்கூடாது. ஒவ்வொரு கிளையும் தன் வரிகளை மட்டும் பார்க்கும்படி ஆர்எல்எஸ் என்கிற தடுப்பைப் போட்டிருந்தேன். ஆனால் அந்தத் தடுப்பு பார்வையாளருக்குத்தான். திருத்தும் உரிமை உள்ளவருக்கு அது கிடையாது. படித்துத் தெரிந்துவைத்திருந்த விஷயம், ஓடும் ரயிலில் மறந்துபோனது. அவர் நல்ல மனிதர், கூப்பிட்டுச் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. திரையில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கம்பம் நிற்கும். தொகுத்த தரவை மட்டும் இறக்கினால் பன்னிரண்டு வரிதான் வரும். அடித்தரவை இறக்க அனுமதித்திருந்தாலோ, அந்தக் கம்பத்துக்குக் கீழே இருக்கும் அட்டவணையில் மறைத்துவைக்காத பத்தி எல்லாம் கூடவே வந்துவிடும். வாடிக்கையாளர் பெயர், கைபேசி எண், எத்தனை கிராம் நகை என்பது வரை. நான் படத்தில் போடவில்லையே என்பது அங்கே செல்லாது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து போலீசார், தகவல் கேட்ட ஒருவருக்கு எக்ஸெல் கோப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் கண்ணில் படாத தாள் ஒன்று இருந்துவிட்டது. அங்கே வேலை பார்த்த 9,483 பேரின் விவரம் அதில். கோப்பு இணையத்தில் ஏறியும் விட்டது. போலீஸ் என்று தெரிந்தாலே உயிருக்கு ஆபத்து உள்ள ஊர் அது. அடுத்த ஆண்டு 7.5 லட்சம் பவுண்டு அபராதம்.

பயந்துபோய் எல்லாவற்றையும் பூட்டினேன். யாரும் எதையும் இறக்க முடியாது. ஒரு வாரம் நிம்மதி. பிறகு சிதம்பரம் கிளைக்குப் போனபோது பார்க்கிறேன், திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதிவேட்டில் ‘இறக்கியவர் இல்லை’ என்றிருக்கும், படமோ ஊர் சுற்றும். முன்பாவது யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

சிதம்பரத்தில் இருந்துகொண்டு இதை யோசித்தால் தேவார ஏடுகள் நினைவுக்கு வராமல் போகாது. திருமுறை கண்ட புராணம் சொல்கிற கதை: தில்லைக் கோயில் அறையில் பூட்டிய ஏடுகளை, பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றார்களாம் தீட்சிதர்கள். ராஜராஜன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து திறக்க வைத்தான். (மூன்று பேர் ஒப்புதல் இல்லாமல் திறக்காத பூட்டு. இன்றைய பாதுகாப்பு அதிகாரிகள் கேட்டால் மகிழ்வார்கள்.) உள்ளே பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்தது. அந்த மூவரில் அப்பர், கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது கரையேறியது எங்கள் ஊரில் என்பார்கள். கடல் விட்டுவைத்தவரின் ஏட்டைப் பூட்டிய அறை விட்டுவைக்கவில்லை.

என் பூட்டைத் திறந்துவிட்ட பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: இறக்கி என்ன செய்கிறீர்கள்? சிதம்பரம் கிளையில் வசூல் பார்க்கும் அக்கா ஒருவர் பக்கத்தில் அரைநாள் உட்கார்ந்தேன். அவர் எண்ணாயிரம் வரியை இறக்கி, இந்த வாரம் தவணை தேதி வருபவர்களை மட்டும் வடிகட்டி, ஏரியா வாரியாக அடுக்கி, நாற்பது பேர் பட்டியலை அச்சடிக்கிறார். மீதி அத்தனை பேர் விவரமும் டெஸ்க்டாப்பில் கிடக்கிறது. “இதையே நீங்க போட்டுக் கொடுத்தா நான் ஏன் சார் இறக்கப் போறேன்?”

அந்த நாற்பது பேர் பட்டியலை ஒரு பக்கமாகச் செய்தேன். வண்ணம் இல்லை, கம்பம் இல்லை, வெறும் அட்டவணை. என் வேலையிலேயே அழகில்லாத பக்கம் அதுதான், அதிகம் திறக்கப்படுவதும் அதுதான். அக்கா இறக்குவதை விட்டுவிட்டார்.

தணிக்கைக்காரர்கள் கேட்பது வேறு வகை. அவர்களுக்கு முழு வரியும் வேண்டும், கேட்பது நியாயம். ஆனால் பொத்தான் வழியாக இறக்கினால் சிஎஸ்வி 30,000 வரியோடும் எக்ஸெல் 1,50,000 வரியோடும் நின்றுவிடும். கூட்டுத்தொகை ஒத்துவராமல் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எக்ஸெல் எண்ணாக எடுத்துக்கொண்டால் 15 இலக்கத்தைத்தான் காப்பாற்றும், கடைசி இலக்கம் பூஜ்யமாகும். சிரிக்கிற விஷயமில்லை. 2020 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்ஸெல் வடிவத்தின் 65,536 வரி எல்லையில் முட்டி, 15,841 கொரோனா நோயாளிகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. ஆகவே தணிக்கைக்கு நானே மூலத்திலிருந்து எடுத்து, கணக்கு எண்ணை எழுத்தாக மாற்றி அனுப்புகிறேன்.

இப்போது எங்களிடம் எல்லாருக்கும் தொகுத்த தரவு திறந்திருக்கிறது. அடித்தரவு நான்கு பேருக்கு மட்டும், யார் எப்போது எடுத்தார்கள் என்பதை மாதம் ஒருமுறை பார்க்கிறேன். கைபேசி எண் பத்தியை ரிப்போர்ட்டுக்கு அடியில் இருக்கும் தரவு மாடலிலிருந்தே எடுத்துவிட்டேன், கூப்பிட வேண்டியவர் கடன் மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய காவல் இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தத் தொகையைச் சொன்ன பிறகு நிர்வாகம் என்னிடம் அதிகம் வாதாடவில்லை.

சிதம்பரம் மேலாளர் மறுபடி ‘வியூவர்’. அன்றைக்கு இறங்கிய கோப்பை என் எதிரிலேயே அழித்தார், குப்பைத்தொட்டியிலிருந்தும். மாதம் ஐந்தாம் தேதி இன்னும் போன் வருகிறது: “தம்பி, எக்ஸெல்ல…” அனுப்பிவிடுகிறேன். அவர் கிளை வரிகள் மட்டும்.