விடுபட்ட புள்ளிகள்

2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் மின்னூலகமும் இன்று தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும் கைப்பேசி வழியே எட்டுகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதைக் கண்ட ஒரு மக்களுக்கு இது சிறு பேறன்று.

ஆயினும், இத்துணைப் பெரிய களஞ்சியத்துள் வழி காண்பது எப்படி? அதற்கெனவே காட்சிக் கருவிகள் வந்துள்ளன. ஒவ்வொரு கட்டுரையும் திரையில் ஒரு புள்ளி. ஒன்று மற்றொன்றைச் சுட்டினால் இடையே ஒரு கோடு. தொடர்புடையவை அருகே இழுக்கப்படும். தொடர்பற்றவை விலகி நிற்கும். விரலால் ஒரு புள்ளியைத் தொட்டால் அதன் சுற்றமெல்லாம் விரியும். 2012இல் பிறந்த விக்கித்தரவு ஒருபடி மேலே சென்றது. அங்கே கோட்டுக்கும் பெயருண்டு: 'பிறந்த இடம்', 'வாழ்க்கைத் துணை', 'ஆசிரியர்' என்று. கேட்ட விடையை நிலப்படமாகவும் காலக்கோடாகவும் அது விரித்துக் காட்டும்.

ஹட்டனுக்கு அண்மையில் ஆசிரியப் பணி செய்யும் நான், இம்முறையைக் கரும்பலகையிலேயே மாணவருக்கு விளக்குவதுண்டு. மீனாட்சி அம்மாளை எடுத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் மனைவி என்ற ஒரே கோட்டை வரைந்தால், அவர் கணவரின் புள்ளியில் தொங்கும் வால் போலவே தெரிவார். 'தேசபக்தன்' பத்திரிகையில் அவர் ஆற்றிய பணியையும், தொழிலாளர் நடுவே பாடிய பாடல்களையும், 1940இல் வெளிவந்த பாடல் நூலையும் தனித்தனிக் கோடுகளாக வரையுங்கள். அவரே ஒரு நடுவமாகி விடுகிறார். அம்மையார் மாறவில்லை; பதிவுதான் மாறியது.

நிலப்படத்தின் கதை இன்னும் கடுமையானது. அகலாங்கும் நெட்டாங்கும் பதியப்படாத ஊர் அதில் தோன்றாது. விடுபட்டது என்ற குறிப்பும் எழாது. "சேர், எங்கட டிவிசன் ஏன் இதில இல்ல?" என்று ஒரு மாணவி கேட்டாள். அங்கே பச்சை வெளிதான் இருந்தது. மனிதர் வாழாத காடு என்றே அந்நியர் எண்ணுவர்.

ஆனால் மலையகத்தார் பதியப்படாத மக்களா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்து வந்த கூலிக்குத் தோட்டத்தின் எண்ணும் அவனது எண்ணும் பொறித்த தகரவில்லை கொடுக்கப்பட்டது. செக்ரோலில் அவன் உழைத்த நாளெல்லாம் ஏறியது. கணக்கு இருந்தது, வாழ்க்கை இல்லை. அதே மக்களிடம்தான் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முன்னோர் இம்மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. சான்று காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். பதிவு என்பது எங்களுக்கு ஏட்டு விவகாரமன்று.

ஆதலால் கருவியைக் கண்டு வியந்து நிற்பது போதாது. கலைக்களஞ்சியம் வெளியிடப்பட்ட ஆதாரத்தைக் கேட்கிறது. பாட்டியின் நினைவை அது நேரே ஏற்பதில்லை. எனவே வேலைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். 1940இல் முல்லோயாவில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்த கோவிந்தனைப் பற்றி, லயத்தின் பெயர்க் காரணம் பற்றி, ஒப்பாரியும் தாலாட்டும் பாடிய பெண்களைப் பற்றி முதியோரிடம் கேட்டெழுதுவோம். அதைப் பாடசாலை மலரிலோ சிறு வெளியீட்டிலோ அச்சிடுவோம். தகரப் பெட்டிகளில் கிடக்கும் சங்கத் துண்டுப் பிரசுரங்களோடு அதனையும் மின்னூலகத்துக்கு அனுப்புவோம். பின்னரே கட்டுரையும் தொடுப்பும் ஆள்கூறும்.

ஒரு பாடசாலை ஒரு தவணையில் ஒரு தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும் போதும். அந்த மாணவியின் வகுப்பு இத்தவணையில் தன் டிவிசனிலிருந்து தொடங்கியிருக்கிறது. மற்றத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும், தோழர்களே.