உள்ளே ஒன்றுமில்லாத கடிதங்கள்

1933-ல் ஒருவர் 53 சென்ட் செலவழித்தால், தன் முகவரியைத் தானே எழுதிய கவர் ஒன்றை அண்டார்டிகாவுக்கு அனுப்பலாம். 3 சென்ட் தபால்தலைக்கு. மீதி 50 சென்ட் ரிச்சர்ட் பைர்டின் இரண்டாவது அண்டார்டிகப் பயணத்துக்கு, சுமைகூலியாக. கவர் கப்பலேறி, லிட்டில் அமெரிக்கா என்ற பனி முகாமுக்குப் போய், முத்திரை வாங்கிக்கொண்டு அனுப்பியவர் வீட்டுக்கே திரும்பிவரும். உள்ளே பெரும்பாலும் கடிதம் எதுவும் இருக்காது. மிஞ்சிப்போனால் கவர் மடங்காமல் இருக்க ஓர் அட்டைத்துண்டு.

அப்படி ஒரு கவர் என்னிடம் இருக்கிறது. ஏராளமாகப் போய்வந்தவை என்பதால் இன்றும் மலிவுதான். நல்ல ஓட்டலில் இரண்டு பேர் சாப்பிடும் காசு. நீல நிறத் தபால்தலையில் உலக உருண்டை. அதற்கு முதல் கோட்டுப்படம் வரைந்து கொடுத்தவர் அதிபர் ரூஸ்வெல்ட், அவரும் தபால்தலைப் பைத்தியம். இடதுபக்கம் பயணக்குழுவின் அலங்கார அச்சு. சேகரிப்பாளர்கள் அதை கேஷே என்பார்கள். கேஷேயை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். தபால் முத்திரை அப்படியில்லை. இந்த நாளில், இந்த இடத்தில் இது இருந்தது என்று ஒரு அரசாங்கம் சொல்லும் சாட்சி அது. எங்கள் தொழிலில் இதற்குப் பக்கத்தில் வருவது பிங். செய்தி முக்கியமில்லை; போய்த் திரும்பியதா என்பதுதான் கேள்வி.

ஆனால் போன இடம் சாதாரணமானதல்ல. 1934 குளிர்காலத்தில் பைர்ட் முகாமுக்குத் தெற்கே ஒரு குடிசையில் தனியாக இருந்தார். அடுப்பிலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் வந்த கார்பன் மோனாக்சைடு அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தது. ஆகஸ்டில்தான் மூன்று பேர் இருட்டில் வண்டியோட்டிப் போய்ச் சேர்ந்தார்கள். அதே பனியில், லிட்டில் அமெரிக்காவில், முத்திரை குத்தப்படாத கவர்கள் மூட்டையாகக் கிடந்தன. அந்த வேலையை முடிக்க, அமெரிக்கத் தபால்துறை சார்லஸ் ஆண்டர்சன் என்ற அதிகாரியை அங்கேயே அனுப்பியது. 1935 ஜனவரியில் பனிக்கடியில் உட்கார்ந்து அவர் முத்திரை குத்தினார்.

இதை அம்மாவிடம் சொன்னபோது கவரைத் திருப்பிப் பார்த்தாள். "உள்ள ஒண்ணுமே இல்லையேடா. இதுக்கா இவ்ளோ அலைச்சல்?"

அவள் கேட்பதில் நியாயம் உண்டு. அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் எழுதிய கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. அப்பாவுக்குத் தேதி போடும் பழக்கமே கிடையாது. 'இங்கே நல்ல மழை' என்று எழுதுவார்; எந்த ஊர் மழை என்று எழுத மாட்டார். கவரில் முத்திரை இருந்திருக்கும். ஆனால் கடிதத்தை எடுத்துக்கொண்டு கவரைத் தூக்கிப்போடுவதுதானே எல்லா வீட்டிலும் வழக்கம். இப்போது அப்பாவும் இல்லை. அம்மா உள்ளடக்கத்தை வைத்து வரிசைப்படுத்துகிறாள்: "இதுல உனக்கு அம்மை இறங்கிடுச்சான்னு கேட்டிருக்காரு. அப்போ நீ ஒண்ணாப்பு." பாதிக் கடிதங்களுக்கு அப்படி ஒரு பிடியும் கிடைக்கவில்லை.

முத்திரையும் முழுச் சாட்சி இல்லை. 1908-ல் ஷாக்கிள்டன் நியூசிலாந்து தபால்தலைகளில் 'கிங் எட்வர்ட் VII லேண்ட்' என்று அச்சடித்துக் கொண்டுபோனார். போஸ்ட்மாஸ்டராகப் பதவிப் பிரமாணமும் எடுத்திருந்தார். அந்த நிலத்தில் அவரால் இறங்கவே முடியவில்லை. ராஸ் தீவில் முகாம் போட்டு, போகாத ஊரின் பெயரோடு தபால் அனுப்பினார். அடுத்து வந்த ஸ்காட்டின் குழுவிடம் 'விக்டோரியா லேண்ட்' தபால்தலைகள் இருந்தன. ஆனால் ஸ்காட் கடைசியாகக் கூடாரத்தில் எழுதிய கடிதங்கள் தபால்பையில் புறப்பட்டவை அல்ல. 1912 நவம்பரில் தேடிப் போனவர்கள் உடல்களுக்குப் பக்கத்திலிருந்து எடுத்தவை. தோழர் பவர்ஸின் தாய்க்கு, வில்சனின் மனைவிக்கு எழுதியவை. அந்தத் தாயிடம் போய் முத்திரை எங்கே என்று யார் கேட்பார்கள்?

நான் சேகரிப்பதை விடப்போவதில்லை. இந்தியாவுக்கும் 1984-லிருந்து அண்டார்டிகாவில் தபால் நிலையம் உண்டு. முதலில் தக்ஷிண் கங்கோத்ரி, அதைப் பனி மூடியபின் மைத்ரி, 2024-லிருந்து பாரதியிலும். கோவாவில் கவர்களைச் சேர்த்துக் கட்டி, பயணம் போகும் விஞ்ஞானிகளிடம் கொடுத்தனுப்புகிறார்கள். அடுத்த கட்டில் என்னுடையதும் ஒன்று போகும், அம்மாவின் முகவரிக்கு. உள்ளே ஒரு பக்கம் எழுதி, மேலே ஊரும் தேதியும் போட்டு வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கவரைத் தூக்கிப்போட்டுடாதேம்மா என்று முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.